கன்னத்துக்குள் மெத்தென்று ஒரு கட்டி: கொழுப்புதானே, எதற்கு லேப்?

கேள்வி, ஜூன் 3

கன்னத்தின் உள்பக்கம் மெத்தென்று ஒரு கட்டி. எனக்கு வயது 52. வலி கிடையாது, ரத்தம் வந்ததில்லை. பல வருடமாக இருக்கிறது, இப்போது ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும். மெல்லும்போது அவ்வப்போது பல்லில் மாட்டுகிறது. பல் டாக்டர் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு "லிப்போமா, வெறும் கொழுப்புக் கட்டி" என்றார். எடுத்துவிடலாம், எடுத்ததை லேபுக்கு அனுப்ப வேண்டும் என்கிறார். பார்த்ததுமே கொழுப்பு என்று தெரிகிறதென்றால் லேப் எதற்கு? உடம்பைக் குறைத்தால் தானாகக் கரைந்துவிடாதா?

ஜூன் 3, இரவு

வாய், தாடை அறுவைச் சிகிச்சைதான் என் வேலை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உடம்பைக் குறைத்தால் இது கரையாது. லிப்போமாவில் இருப்பவை முதிர்ந்த கொழுப்பு செல்கள்தான். நுண்ணோக்கியில் வைத்தால் சாதாரணக் கொழுப்பிலிருந்து பிரித்துச் சொல்வதே சிரமம். ஆனால் உடம்பு பட்டினி கிடந்தாலும் இந்தச் சேமிப்பில் கை வைப்பதில்லை. ஆள் இளைத்துத் துரும்பாகியும் கட்டி அப்படியே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். கன்னம் ஒட்டிப்போவதால் முன்னைவிடத் துருத்திக்கொண்டு தெரியும், அவ்வளவுதான். பல லிப்போமாக்களில் 12-ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி இடம் மாறியிருக்கும். சாப்பாட்டால் சேர்ந்த கொழுப்பு ஒரு மூலையில் தேங்கி நிற்கவில்லை, தனிக் கட்டியாகவே வளர்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

"பார்த்ததுமே தெரிகிறது" என்பது பாதிதான் சரி. மேலோட்டமாக இருக்கும் லிப்போமா மஞ்சளாகத் தெரியும். மேலே உள்ள சவ்வு மெலிந்து, அதில் நூல் நூலாக ரத்தக் குழாய்கள் ஓடும். விரலால் ஓரத்தை அழுத்தினால் ஈரக் கையில் சோப்பு வழுக்குவதுபோல நழுவும். இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் நானும் மனசுக்குள் லிப்போமா என்றுதான் முடிவு செய்வேன். ஆனால் கொஞ்சம் ஆழத்தில் இருந்தால் மஞ்சள் தெரியாது. சுற்றியுள்ள சதையின் நிறத்திலேயே ஒரு மேடாக இருக்கும். அப்போது பார்வையும் விரலும் சொல்வது ஒரு யூகம் மட்டுமே. லேப் பற்றித் தனியாக எழுதுகிறேன், அதுதான் இங்கே முக்கியமான கேள்வி.

ஜூன் 4, காலை

நீர்க்கட்டி என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். மியூக்கோசீலைச் சொல்கிறீர்கள். அது பெரும்பாலும் கீழ் உதட்டின் உள்பக்கம், இளம் வயதில் வரும். லேசான நீலம் இருக்கும். உடையும், கொழகொழவென்று திரவம் வரும், வற்றும், சில வாரத்தில் மறுபடி உப்பும். லிப்போமா அப்படி ஏறி இறங்காது. வளர்ந்தால் மெதுவாக வளரும், இல்லையென்றால் அப்படியே கிடக்கும். பெரும்பாலும் 40 வயதுக்கு மேல்தான் வருகிறார்கள். வாயில் வரும் தீங்கற்ற கட்டிகளில் 1 முதல் 4 சதவீதம் வரைதான் லிப்போமா. மற்றபடி கழுத்திலும் முதுகிலும்தான் அதிகம்.

ஒன்று மட்டும். மேல் உதட்டில் கட்டி என்றால் மியூக்கோசீல் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். அங்கே முதலில் சிறு உமிழ்நீர் சுரப்பிக் கட்டியைத்தான் யோசிக்க வேண்டும்.

ஜூன் 6

லேப் விஷயம்.

கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் மெத்தென்று ஒரு வீக்கத்தோடு ஒரு பெண்மணி வந்தார். கொண்டுவந்த சீட்டில் "லிப்போமா, எடுத்துவிடவும்" என்று இருந்தது. தொட்டால் மெத்தென்றுதான் இருந்தது, வலியும் இல்லை. ஆனால் விரலுக்கடியில் நழுவவில்லை. அடிப்பகுதி இறுகிப் பிடித்திருந்தது. அந்த இடத்தில் சவ்வுக்குக் கீழே சிறு உமிழ்நீர் சுரப்பிகள் நிறைய உண்டு. முழுதாக எடுக்காமல் ஓரத்தில் ஒரு துண்டு மட்டும் எடுத்து அனுப்பினேன். மியூக்கோஎபிடெர்மாய்டு கார்சினோமா என்று வந்தது, உமிழ்நீர் சுரப்பியில் வரும் ஒரு வகைப் புற்று. வீரியம் குறைந்த வகை, நல்லவேளை. சுற்றிலும் போதிய நல்ல திசுவோடு சேர்த்து எடுத்தோம். இப்போது நன்றாக இருக்கிறார்.

சீட்டில் இருந்ததை நம்பிக் கட்டியை உருவி எடுத்து, "கொழுப்புதானே" என்று குப்பையில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஓரத்தில் மிச்சம் இருந்திருக்கும், அது என்னவென்று யாருக்கும் தெரிந்திருக்காது. ஒரு வருடமோ ஐந்து வருடமோ கழித்து மறுபடி கிளம்பும்போது, முதலில் இருந்தது எது என்று காட்ட, திசு வைத்த ஒரு கண்ணாடித் தகடுகூட இருந்திருக்காது.

அதனால்தான் சொல்கிறேன், உங்கள் டாக்டர் லேபுக்கு அனுப்பச் சொல்வது கூடுதல் ஜாக்கிரதை இல்லை, சிகிச்சையின் பாதியே அதுதான். கத்தி எடுப்பது மீதிப் பாதி.

ஜூன் 6, பிற்பகல்

பயப்பட வேண்டாம் என்று மேலே சேர்த்திருக்க வேண்டும். கேள்வி கேட்டவரின் கட்டி கன்னத்தில், மெத்தென்று, வலி இல்லாமல், பல வருடமாக இருக்கிறது. அது லிப்போமாவாகவே இருக்க நிறைய வாய்ப்பு. கன்னம்தான் வாயில் இதற்கு மிகப் பிடித்த இடம். அடுத்து நாக்கு, உதடு, நாக்குக்கு அடிப்பகுதி.

ஜூன் 7

"ஊசி போட்டு உறிஞ்சிப் பார்த்தால் தெரியாதா, கத்தி எதற்கு?" என்று ஒருவர்.

நல்ல கேள்வி. உடல் சூட்டில் கொழுப்பு ஏறக்குறைய இளகிய நிலையில் இருப்பதால், இரண்டு விரலால் மாறி மாறி அழுத்தினால் உள்ளே திரவம் இருப்பதுபோலவே தோன்றும். நீர்க்கட்டி என்று நினைத்து ஊசியைக் குத்தி இழுத்தால் ஒன்றும் வராது. அந்த "ஒன்றும் வரவில்லை" என்பதே ஒரு தகவல். ரத்தம் வந்தால் ரத்தக்குழாய்க் கட்டி, கெட்டியான தெளிந்த திரவம் வந்தால் உமிழ்நீர் சம்பந்தப்பட்டது.

ஆனால் செல்களை உறிஞ்சி எடுத்து லேபில் பார்க்கும் பரிசோதனை லிப்போமாவில் அவ்வளவாகப் பயன்படாது. "கொழுப்பு செல்கள் காணப்படுகின்றன" என்று அறிக்கை வரும். அந்தக் கொழுப்பு கட்டியிலிருந்து வந்ததா, பக்கத்தில் இயல்பாகவே இருக்கும் கன்னக் கொழுப்பிலிருந்து வந்ததா? ஊசிக்குத் தெரியாது. சின்னக் கட்டியென்றால் முழுதாக எடுத்து அனுப்பிவிடுவதே மேல்.

ஜூன் 7, இரவு

ஸ்கேன் எடுக்க வேண்டுமா? ஒன்றரை சென்டிமீட்டர், கன்னத்தில், மேலோட்டமாக என்றால் நான் எடுக்கச் சொல்வதில்லை.

ஜூன் 11

முந்தைய குறிப்பு இரண்டு வரியில் முடிந்துவிட்டது, அதைப் படித்துவிட்டு எல்லாக் கட்டிக்கும் ஸ்கேன் வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மூன்று சமயங்களில் நான் படம் இல்லாமல் கை வைக்க மாட்டேன்: எல்லை விரலுக்குப் பிடிபடாத கட்டி, நாக்கின் ஆழத்திலோ நாக்குக்கு அடியிலோ இருக்கும் கட்டி, சமீபத்தில் வேகமாக வளர்ந்த கட்டி.

அல்ட்ராசவுண்டில் லிப்போமா நீள்வட்டமாக, உள்ளே மெல்லிய வெள்ளைக் கோடுகளோடு தெரியும். ரத்த ஓட்டம் பெரிதாக இருக்காது. சி.டி.யில் அடர்த்தியை எண்ணாகவே சொல்லிவிடலாம். தண்ணீர் பூஜ்யம் என்றால் கொழுப்பு மைனஸ் 65 முதல் மைனஸ் 125 வரை இருக்கும், வேறு எந்தத் திசுவும் அந்த எல்லைக்குள் வருவதில்லை. எம்.ஆர்.ஐ.யில் கொழுப்பு பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். கொழுப்பின் சமிக்ஞையை மட்டும் அணைக்கும் முறையில் மறுபடி எடுத்தால் அதே இடம் கறுத்துப்போகும். மென்திசுவில் கட்டி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, தசை இழைகளுக்குள் விரல் விட்டிருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ.தான் கை கொடுக்கிறது. படத்தில் தடித்த தடுப்புச் சுவர்களோ கொழுப்பாக இல்லாத கட்டிப் பகுதியோ தெரிந்தால் லிப்போசார்கோமாவை, அதாவது கொழுப்புத் திசுவில் வரும் புற்றை, நினைத்தே ஆக வேண்டும். வாயில் அது அபூர்வம்தான். ஆனாலும் அதை மனதில் வைத்துக்கொண்டுதான் படத்தைப் பார்க்கிறோம்.

ஜூன் 12

எடுப்பது எப்படி என்று விவரமாகக் கேட்கிறீர்கள். கன்னத்தில் இருக்கும் சாதாரண லிப்போமாவைச் சொல்கிறேன்.

மயக்கம் கொடுப்பதில்லை, மரத்துப்போக ஊசிதான். லிக்னோகெய்னோடு 80,000-க்கு ஒரு பங்கு அட்ரினலின் கலந்தது. கட்டிக்குள் போடக் கூடாது. சுற்றிலும் போட வேண்டும். உள்ளே போட்டால் கட்டி உப்பி, எது கட்டி எது திசு என்ற எல்லை கலைந்துவிடும். போட்டதும் கத்தியை எடுக்காமல் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். அட்ரினலின் ரத்தக் குழாய்களைச் சுருக்க அவகாசம் வேண்டும். அவசரப்பட்டால் ரத்தத்தில்தான் வேலை செய்ய நேரும்.

கத்தி வைக்கும் முன் உமிழ்நீர்க் குழாயின் வாய் எங்கே என்று பார்த்துவிடுவேன். காதுக்கு முன்னால் இருக்கும் பெரிய சுரப்பியின் குழாய், மேல் தாடையின் இரண்டாம் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே கன்னத்தில் திறக்கிறது. சின்ன முடிச்சுபோல இருக்கும். காஸ் துணியால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு, வெளியே கன்னத்தைப் பின்னிருந்து முன்னாகத் தடவினால் தெளிந்த ஒரு சொட்டு உமிழ்நீர் அங்கே வந்து நிற்கும். அந்தச் சொட்டு வந்த இடத்தை விட்டு விலகித்தான் கீறல். குழாயை வெட்டிவிட்டால் சுரப்பி வீங்கும், ஒரு கொழுப்புக் கட்டிக்காக அந்த அவஸ்தை யாருக்கும் வேண்டாம்.

கீறல் சவ்வை மட்டும் பிளக்கும் ஆழம். பிளந்ததும் கீறலுக்கு நடுவே மஞ்சள் தலைகாட்டும். அதற்குப் பிறகு கத்திக்கு வேலை குறைவு. முனை மூடிய ஆர்ட்டரி ஃபோர்செப்ஸை (கத்தரிக்கோல் மாதிரி பிடியுள்ள இடுக்கி) கட்டிக்கும் திசுவுக்கும் நடுவே செருகி, உள்ளே மெல்லத் திறந்து, வெளியே எடுத்து, அடுத்த பக்கம். கட்டியைச் சுற்றி மெல்லிய உறை இருக்கும். சரியான தளத்தில் போனால் ரத்தமே இல்லாமல் பிரிந்து வரும். ஒரு கட்டத்துக்கு மேல் இழுக்க வேண்டியதே இல்லை; வெளியிலிருந்து கன்னத்தை ஒரு விரலால் தள்ளினால் முழுக் கட்டியும் பளபளவென்று கீறல் வழியே எழும்பி வந்து நிற்கும். கீழே ஒரு சின்னக் காம்பு போலத் திசு பிடித்திருக்கும், அதில்தான் ரத்தக் குழாய் வரும். அதைக் கட்டிவிட்டு வெட்டினால் முடிந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த உறை கிழியாமல் முழுதாக வரும்போது எனக்கு மனசு நிறைந்துபோகிறது.

4-0 அளவில் கரையும் நூலால் நாலைந்து தையல். உறையோடு முழுதாக வந்துவிட்டால் மறுபடி வருவது மிக அபூர்வம்.

ஜூன் 12, இரவு

கீழ் உதடு என்றால் உமிழ்நீர்க் குழாய்க்குப் பதிலாக நரம்பைப் பார்க்க வேண்டும். தாடையின் பக்கவாட்டிலிருந்து கிளம்பி உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பின் கிளைகள் சவ்வுக்குச் சற்றுக் கீழேயே விரிந்து ஓடுகின்றன. நாக்குக்கு அடியில் என்றால் நாக்கு நரம்பும் தாடையடி உமிழ்நீர்க் குழாயும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு போகும். அங்கே எடுக்கும்போது என் வேகம் பாதியாகக் குறைந்துவிடும்.

ஜூன் 15

இளம் டாக்டர் ஒருவரின் கேள்வி: "கன்னத்தில் திறந்தால் இயல்பான கன்னக் கொழுப்பும் மஞ்சளாகத்தானே வரும்? எது கட்டி, எது அது?"

கட்டிக்கு உறை உண்டு, நிறம் ஒரே சீராக இருக்கும், திரண்ட உருவம் உண்டு. கன்னக் கொழுப்புப் பட்டைக்கும் மெல்லிய உறை உண்டுதான், ஆனால் அது கன்னத் தசைக்கு வெளியே, ஆழத்தில் இருக்கிறது. தசை இழைகளைத் தாண்டிப் போனால்தான் எட்டும். நீங்கள் தசையைத் தாண்டிவிட்டீர்கள், மஞ்சள் இழுக்க இழுக்க முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கிறது என்றால், நிறுத்துங்கள். அது கட்டி இல்லை. உள்ளே தள்ளி, தசையை ஒரு தையலால் சேர்த்து மூடுங்கள்.

குழந்தைகளில் இன்னொன்றும் உண்டு. கீழே விழுந்தோ, வாயில் குச்சியோ பிரஷ்ஷோ குத்தியோ, கன்னத்தில் காயம் பட்ட கொஞ்ச நேரத்தில் மஞ்சளாக ஒரு சதை வாய்க்குள் தொங்கும். பெற்றோர் பதறிப்போய் வருவார்கள். கன்னக் கொழுப்பு கிழிசல் வழியே பிதுங்கி வந்திருக்கும். நேற்றுவரை இல்லாதது இன்று திடீரென்று வந்தது, அதற்கு முன் அடி பட்டிருக்கிறது. இந்த இரண்டு விவரமே போதும், லிப்போமா அப்படி ஒரே நாளில் வராது.

ஜூன் 19

லேபில் வேலை பார்ப்பதாகச் சொல்லி ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஃபார்மலின் (திசு கெடாமல் வைக்கும் திரவம்) பாட்டிலில் போட்டதும் மிதந்தால் லிப்போமா, மூழ்கினால் வேறு என்று சில டாக்டர்கள் அங்கேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். அதைப் பற்றியும் எழுதுங்கள்."

எழுதத்தான் வேண்டும். மிதப்பது உண்மை. நானும் நோயாளியிடம் பாட்டிலைத் தூக்கிக் காட்டியிருக்கிறேன். மற்றத் திசுக்கள் அடியில் போய்க் கிடக்கும்போது இது மட்டும் மேலே நிற்கும். ஆனால் மிதப்பது சொல்வதெல்லாம் "இதில் கொழுப்பு அதிகம்" என்பதை மட்டும். இயல்பான கொழுப்பும் மிதக்கும், முதிர்ந்த கொழுப்பு செல்களே நிறைந்த லிப்போசார்கோமாவும் மிதக்கும். மறுபக்கம், நார்த்திசு கூடுதலாக இருக்கும் ஃபைப்ரோலிப்போமா தீங்கற்றதே என்றாலும் மூழ்கலாம். ஆக மிதப்பு ஒரு குறிப்பு, தீர்ப்பு இல்லை.

அவரே இன்னொரு விஷயமும் சொன்னார், அதையும் இங்கே வைக்கிறேன். திசுவைப் பக்குவப்படுத்தும்போது ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துவிடுகின்றன. அதனால் தகட்டில் பார்ப்பது கொழுப்பை அல்ல, கொழுப்பு இருந்த செல்லின் வெற்றுக் கூட்டை. உட்கரு ஓரத்தில் நசுங்கி ஒட்டிக்கிடக்கும். திசுவைப் பரிசோதிக்கும் டாக்டரான பேத்தாலஜிஸ்ட் அந்தக் கூடுகள் எல்லாம் ஒரே அளவா, நடுவே ஓடும் நார்களில் கறுத்து உருக்குலைந்த உட்கருக்கள் இருக்கின்றனவா என்று தேடுகிறார். சந்தேகம் வந்தால் எம்.டி.எம்.2 என்ற மரபணு பெருகியிருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். பெருகியிருந்தால் அது லிப்போமா இல்லை.

ஜூன் 20

லிப்போமாவிலேயே எத்தனை வகை என்று கேட்டவருக்கு. சாதாரண லிப்போமா, ஃபைப்ரோலிப்போமா இரண்டும்தான் வாயில் நான் அதிகம் பார்ப்பவை. ரத்தக் குழாய்கள் நிறைந்தது ஆஞ்சியோலிப்போமா. நூல் நூற்கும் கதிர்போல நீண்ட செல்களோடு வருவது ஒன்று உண்டு. உமிழ்நீர் சுரப்பித் திசுவும் கொழுப்பும் சேர்ந்து வளரும் சயலோலிப்போமா என்ற வகைக்கு 2001-இல்தான் அந்தப் பெயர் வந்தது. இவற்றுக்கெல்லாம் சிகிச்சை ஒன்றுதான், முழுதாக எடுப்பது. சிகிச்சையை மாற்றும் வகை ஒன்றே ஒன்று, தசைக்குள் ஊடுருவும் லிப்போமா. அதைப் பற்றிப் பிறகு.

ஜூன் 26

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: எடுத்தாயிற்று, அறிக்கை "ஃபைப்ரோலிப்போமா, தீங்கற்றது". மிக்க மகிழ்ச்சி. அந்த அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள், மறுபடி அதே பக்கம் ஏதாவது வந்தால் அது வேண்டும்.

எடுத்தபின் மரமரப்பு போகும்வரை சூடானதைக் குடிக்க வேண்டாம், அந்தப் பக்கம் மெல்லவும் வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள். மரத்துப்போன கன்னத்தைத் தெரியாமலே கடித்துப் புண்ணாக்கிக்கொள்பவர்கள் நிறைய. முதல் நாள் அழுத்திக் கொப்பளிக்காதீர்கள். அடுத்த நாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் போதும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். கன்னத்தில் வடியும் ரத்தத்தை என்னால் அழுத்திப் பிடித்து நிறுத்த முடியும். மாத்திரையை நிறுத்தியதால் இதயத்திலோ மூளையிலோ அடைப்பு வந்தால் நான் என்ன செய்ய?

ஜூலை 2

லேசர் பற்றி நாலைந்து பேர். ரத்தம் குறைவு, சில சமயம் தையலே வேண்டாம், நோயாளிக்கும் பயம் குறைவு, எல்லாம் சரி. டயோடு லேசரில் நானும் செய்கிறேன். எனக்கு அதில் உள்ள ஒரே குறை, சூட்டில் ஓரம் கருகுகிறது. லிப்போமா என்று ஏறக்குறைய நிச்சயமாகத் தெரிந்தால் பரவாயில்லை. சந்தேகம் இருக்கும் கட்டியில் பேத்தாலஜிஸ்ட் பார்க்க வேண்டிய இடமே அந்த ஓரம்தான். அங்கே கருகிய திசுவைக் கொடுத்துவிட்டு "முழுதாக வந்துவிட்டதா?" என்று கேட்பது நியாயமில்லை.

ஜூலை 3

மேலே எழுதியதைப் பற்றி இரவெல்லாம் யோசித்தேன். சவ்வை மட்டும் லேசரில் திறந்து, கட்டியை ஃபோர்செப்ஸால் பிரித்து எடுத்தால் கட்டியின் ஓரம் கருக வாய்ப்பில்லையே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம், உறையுள்ள கட்டிக்கு அது நல்ல வழி. என் தயக்கம் உறையில்லாத கட்டிக்கு மட்டும் என்று திருத்திப் படியுங்கள்.

ஜூலை 9

"வலிக்கவில்லை, எடுக்காமலே விட்டால் என்ன? புற்றாக மாறுமா?"

லிப்போமா புற்றாக மாறுவது ஏறக்குறைய கேள்விப்படாத விஷயம். தொடக்கத்திலிருந்தே வேறொன்றாக இருந்தது லிப்போமா போல வேஷம் போட்டிருக்கும், அந்த ஆபத்துதான் நிஜம். எனவே நன்றாகப் பரிசோதித்து, படமும் எடுத்து, வளரவில்லை என்று உறுதியானால் வயதானவர்களிடம், உடல்நிலை சரியில்லாதவர்களிடம் விட்டுப் பார்க்கலாம். ஆனால் வாய் என்பது முதுகு மாதிரி இல்லை. பல்லில் மாட்டும், புண்ணாகும். பல் செட் போடுபவர்களுக்கு செட்டின் ஓரம் அதிலேயே உட்காரும். ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இருந்த லிப்போமாவால் கீழ் செட் உட்காராமல், மூன்று செட் மாற்றிய பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். செட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். விரலை விட்டுப் பார்த்தபோது கட்டி கிடைத்தது; எடுத்தபின் பழைய செட்டே பொருந்தியது.

நாக்குக்கு அடியில் இருப்பதை மட்டும் விட்டு வைக்காதீர்கள். அங்கே பெருத்தால் நாக்கைப் பின்னுக்குத் தள்ளும். பேச்சு குழையும், தூக்கத்தில் குறட்டை வரும். அந்த நிலையில் அறுவைக்கு வந்தால் மயக்க மருந்து கொடுப்பவருக்கு மூச்சுக் குழாய் போடுவதே சவால். நோயாளி விழித்திருக்கும்போதே மூக்கு வழியாக வளையும் கேமராவைக் கொண்டு குழாய் போட வேண்டிவரலாம். சின்னதாக இருக்கும்போது ஓர் ஊசியோடு முடியும் வேலை அது.

ஜூலை 10

மெடிக்கல் மாணவி ஒருவருக்காக, கொஞ்சம் பழைய கதை. வாயில் வரும் இந்தக் கட்டியை முதலில் விவரித்தவர் ரூ என்பவர், 1848-இல். ஈறில் வரும் கட்டிகளைப் பற்றி எழுதும்போது இதை மஞ்சள் எபுலிஸ், அதாவது மஞ்சள் ஈறுக் கட்டி, என்று குறிப்பிட்டார். நிறத்தை வைத்தே பெயர். நாமும் இன்றுவரை முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறோம்.

ஜூலை 14

நாக்கின் இரண்டு ஓரத்திலும் வரிசையாக மஞ்சள் மேடுகள், கூடவே கழுத்தும் தோளும் தடித்திருக்கிறது என்று ஒருவர் தன் அண்ணனைப் பற்றி எழுதியிருக்கிறார். நீண்ட நாள் குடிப்பழக்கம் உண்டாம். இது தனிக் கட்டி விவகாரம் இல்லை. மாடெலுங் நோய் என்று ஒன்று இருக்கிறது. 1888-இல் மாடெலுங் விவரித்தது. உறையில்லாத கொழுப்பு இரு பக்கமும் சமச்சீராகப் படியும், மது அருந்தும் ஆண்களிடம் அதிகம். நாக்கிலும் வரலாம். அவரை முதலில் பொது மருத்துவரிடம் காட்டுங்கள். கல்லீரல், சர்க்கரை எல்லாம் பார்க்கட்டும். நாக்கில் கத்தி வைப்பது அதற்குப் பிறகு யோசிக்க வேண்டியது.

சின்ன வயதிலேயே உடம்பு முழுக்கப் பல லிப்போமாக்கள் இருந்தால் குடும்பத்தில் யாருக்கெல்லாம் இருக்கிறது என்று கேட்க வேண்டும். ஈறில், நாக்கில் சிறு சிறு பருக்களும் சேர்ந்திருந்தால் பரம்பரையாக வரும் கவுடன் நோய்க்குறியை நினைக்க வேண்டும். அதில் மார்பகம், தைராய்டு புற்றுக்கு வாய்ப்பு கூடுதல்.

ஜூலை 21

லேபுக்கு அனுப்பும் படிவத்தில் என்ன எழுதுவது என்று இளம் டாக்டர் மறுபடி. "கன்னக் கட்டி, லிப்போமாவா?" என்று ஒரு வரி எழுதினால் போதாது. எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம், எத்தனை காலம், உறை இருந்ததா, முழுதாக வந்ததா, துண்டு துண்டாக வந்ததா, தசையை ஒட்டியிருந்ததா. இந்த ஏழையும் எழுதுங்கள். தசையோடு ஒட்டியிருந்த ஓரத்தில் ஒரு நூல் முடிச்சுப் போட்டு அதையும் குறிப்பிடுங்கள். பாட்டில் வாய் அகலமாக இருக்கட்டும், திசுவைப்போல் பத்து மடங்கு ஃபார்மலின் இருக்கட்டும். இரண்டு இடத்தில் எடுத்திருந்தால் இரண்டு பாட்டில். ஒரே பாட்டிலில் போட்டு அனுப்பினால், எது எங்கிருந்து வந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 4

ஊடுருவும் லிப்போமா பற்றிப் பிறகு எழுதுகிறேன் என்றேன். இப்போது அப்படி ஒருவர் என்னிடம் வந்திருக்கிறார், அதனால் யோசனை முழுக்க அதில்தான் ஓடுகிறது. சிகிச்சை நடந்துகொண்டிருப்பதால் அடையாளம் தெரியும் எதையும் எழுதவில்லை.

நாக்கின் வலது பாதி தடித்திருக்கிறது. மேலே சவ்வு இயல்பு, மஞ்சள் இல்லை. அழுத்தினால் மெத்தென்று இருக்கிறது, ஆனால் ஓரம் எங்கே என்று விரலுக்குப் பிடிபடவில்லை. எம்.ஆர்.ஐ.யில் கொழுப்பின் நடுவே தசை இழைகள் கோடு கோடாக ஓடுகின்றன. உறை கிடையாது. முன்பு வேறோர் இடத்தில் ஒருமுறை எடுத்திருக்கிறார்கள், மறுபடி வளர்ந்திருக்கிறது. அப்போது எடுத்த திசுவின் அறிக்கை எதுவும் அவர் கையில் இல்லை. எனவே முதல் வேலையாகத் துண்டு எடுத்து, எம்.டி.எம்.2 சோதனையும் கேட்டேன். பெருக்கம் இல்லை. லிப்போமாதான்.

இனி எவ்வளவு எடுப்பது? மறுபடி வராமல் இருக்க வேண்டுமென்றால் கொழுப்பு புகுந்த தசையையும் சேர்த்து, சுற்றிலும் கொஞ்சம் நல்ல தசையோடு எடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் நாக்கில் கணிசமான பகுதி போகும். அவர் பள்ளியில் பாடம் நடத்துபவர்.

ஆகஸ்ட் 5

"புற்று இல்லை என்று தெரிந்தபின் எதற்கு அவ்வளவு எடுக்க வேண்டும்?" என்று கேட்டவரின் பக்கம்தான் நானும் சாய்கிறேன். இந்த வகை மெதுவாக வளரும், வேறு இடத்துக்குப் பரவாது. மறுபடி வந்தால் மறுபடி எடுக்கலாம். போன பேச்சைத் திருப்பித் தர முடியாது.

நேற்று அவரோடும் அவர் மனைவியோடும் உட்கார்ந்து பேசினோம். படத்தைக் காட்டி, எது போகும், எது மிஞ்சும், எத்தனை சதவீதம் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது என்பதையும் சொன்னேன். துருத்திக்கொண்டு பல்லில் கடிபடும் பகுதியையும், தசையைக் கெடுக்காமல் பிரித்தெடுக்க முடிகிற வரையிலும் எடுப்பது. நாக்கின் நுனியையும், கீழே ஓடும் ரத்தக் குழாய், நரம்பு இரண்டையும் தொடுவதில்லை என்று முடிவாயிற்று. அவருக்கும் அதுவே சம்மதம்.

எடுத்த ஆறாம் மாதம் ஒரு எம்.ஆர்.ஐ., அதுதான் இனி ஒப்பிட்டுப் பார்க்க அடிப்படை. அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒன்று. நடுவில் பேச்சில் மாற்றம் தெரிந்தாலோ, தடிப்பு கூடினாலோ தேதிக்குக் காத்திருக்காமல் வரச் சொல்லியிருக்கிறேன்.